இந்தத் தவணைப் பாடம்: வீடுகள்

1

ஊரிலிருந்து இதை வாசிக்கும் எல்லோருக்கும் ஸலாம். நான் சுகம் என்று எழுதினால் கூட்டாளிமார் நம்பமாட்டார்கள். சுகமில்லை என்று எழுதினால் மாமி நம்பிவிடுவார். ஆகையால் சுகத்தைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குகிறேன்.

மகள் பஸீலாவுக்கு ஏழு வயது. நாங்கள் இருக்கும் இங்கிலாந்துச் சிறு பட்டணத்தில் ஆரம்பப் பள்ளிக்குப் போகிறாள். தவணை தொடங்கும்போதெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வரும். பிள்ளைகள் இந்தத் தவணை என்ன படிக்கப் போகிறார்கள், பெற்றோர் என்ன உதவி செய்யலாம் என்று அதில் இருக்கும். உதவி என்றால் பெரும்பாலும் வெறும் பெட்டி, பழைய சட்டை, வெற்றுப் போத்தல். ஒரு தவணை பண்டைக்கால ரோமர்கள். அந்தத் தவணை முழுக்க மகள் தன் உம்மாவின் வெள்ளைத் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் சக்கரவர்த்தியாக உலாவினாள். தொழுகைக்குத் துப்பட்டி தேடி உம்மா அவள் பின்னால் உலாவினாள். அடுத்தது தவளை. ஊரில் வாய்க்காலுக்குள் காலை வைத்தால் நசிபடும் வாற்பேத்தை என்னும் தவளைக் குஞ்சுகளை இங்கே போத்தலில் விட்டு, சமைக்கும் குசினி ஜன்னலில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டி வளர்த்தோம். ஒன்று மௌத்தானபோது மகள் அழுதாள். நானும் பக்கத்தில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன்.

இந்தத் தவணைத் தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது: வீடுகள்.

கணக்குப் பாடத்தில் கதவும் ஜன்னலும் அளப்பார்கள். சித்திரப் பாடத்தில் வீடு கீறுவார்கள். ஆசிரியை மிஸிஸ் பார்க்கர் பிள்ளைகளைத் தெருவழியே நடத்திக்கொண்டு போய்ப் பலவகை வீடுகளையும் காட்டுவார். ஒன்றிரண்டுக்கு உள்ளேயும் போவார்கள். அதற்குப் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். தவணைக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்நேரம், ‘நான் பெரியவளானால் என் வீடு’ என்று பிள்ளைகள் கீறிய படங்களைப் பெற்றோர் வந்து பார்க்கலாம்.

எந்தெந்த வீட்டுக்கு உள்ளே போகிறார்கள் என்ற பகுதியை வாசிக்காமலே கையெழுத்தைப் போட்டேன். வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு நிக்காஹ் அன்றைக்கே இருக்கவில்லை.

2

இந்தப் பாடம் எனக்குப் புதிதல்ல. கணக்கியல் படித்துப் பெரிய ஆளாகலாம் என்று கப்பல் கனவோடு விமானம் ஏறுவதற்கு முன், இலங்கையின் கிழக்கே, கல்முனைக்குத் தெற்கே ஒரு சிறிய பாடசாலையில் உதவி ஆசிரியனாக இருந்தேன். (பெரிய ஆளாகவில்லை. இப்போது பிஸ்கட் தொழிற்சாலையில், ஓடும் பட்டியின் ஓரத்தில் நின்று உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கி எடுக்கிறேன். அதுவும் ஒருவகைக் கணக்குப் பரிசோதனைதான் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.)

சூறாவளி வந்து போன அடுத்த வருடம் அது. பாடசாலைக் கூரை எந்த வளவில் போய் விழுந்தது என்று எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. கிடைத்தவர் திருப்பித் தரவுமில்லை. மூன்றாம் வகுப்புச் சுற்றாடல் பாடத்தில் வீடுகளின் வகை வந்தது. ஓலைக் கூரை, ஓட்டுக் கூரை, தகரக் கூரை என்று கரும்பலகையில் எழுதிவிட்டு உதாரணம் காட்ட மேலே பார்த்தால் காகம் பறந்தது. கூரையில்லாத வகுப்பில் கூரையைப் படிப்பித்த வாத்தி என்ற பெருமை எனக்கு உண்டு.

“நீங்க இரிக்கிற ஊடு ஆருட ஊடு?” என்று கேட்டேன்.

“எங்கட உம்மாட ஊடு சேர்,” என்றது முழு வகுப்பும்.

“வாப்பாட ஊடு?”

வகுப்பு யோசித்தது. “வாப்பாக்கு ஊடு இல்ல சேர்,” என்றாள் முன்வாங்கில் இருந்த ஒருத்தி. “வாப்பா எங்கட ஊட்ட இரிக்காரு.”

“அப்ப ஒன்ட ஊடு எங்க?”

“எண்ட ஊட்டுக்கு அத்திவாரம் மட்டும் போட்டுக் கிடக்கு. வாப்பா இந்தப் போகம் வெட்டினாத்தான் கல்லு எடுக்கிற.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “சேர்ர ஊடு எங்க?” என்று கேட்டாள்.

நான் அப்போதுதான் கலியாணம் முடித்து, வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு தோற்பெட்டியோடு கல்முனையில் மனைவி வீட்டுக்கு வந்திருந்தேன். “பாடத்தக் கவனிங்க,” என்றேன்.

எங்கள் பக்கத்தை அறியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். பெண்பிள்ளை பிறந்தால் தகப்பன் அவளுக்கு வீடு கட்டத் தொடங்குவான். அவள் கலியாணம் முடிக்கும் நாளில் வீட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவனும் பெண்சாதியும் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆண்பிள்ளைக்கு ஆயுளில் மூன்று வீடு: தாய் வீட்டில் பிறக்கிறான், மனைவி வீட்டில் உண்கிறான், மகள் வீட்டு நிழலில் மௌத்தாகிறான். மூன்றிலும் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுத்தான் அடிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று இருக்கிறது. விடிந்ததும் மகளின் குசினியிலிருந்து வேலிக்கு மேலால் ஒரு கோப்பைத் தேத்தண்ணி வரும். அவன் கண்மூடும்வரை வரும். எங்கள் ஊரில் அதற்குப் பெயரில்லை. நான் அதை ஓய்வூதியம் என்பேன்.

3

பஸீலா இங்கே பிறந்த சேதி போனதும் நானும் வழமைப்படி தொடங்கினேன். மனைவியின் வாப்பாவான மாமாவின் வளவுக்குள், கிணற்றடிக்குப் பக்கத்தில் அத்திவாரம் போட்டார்கள். எனக்கு ஓவர்டைம் கிடைத்த காலங்களில் சுவர் ஏறியது. தொழிற்சாலையில் வேலை குறைந்த காலங்களில் சுவரில் ஆடு ஏறியது. நிலை வைத்த அன்று பாத்திஹா ஓதி வாழைப்பழம் பங்கிட்ட படத்தை அனுப்பியிருந்தார்கள். படத்தில் வாசல்நிலை தனியாக நிற்கும். அதற்கு இந்தப் பக்கமும் வானம், அந்தப் பக்கமும் வானம்.

அந்தப் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான், கவுன்சில் என்னும் நகரசபை குறைந்த வாடகைக்குத் தரும் வீட்டுக்கு விண்ணப்பிக்கப் போனேன். மூன்று பேரும் ஒற்றை அறையில் இருந்தோம். சுவரில் ஈரம் வடிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி நல்லவர். தன் கேள்விகளை வரிசையாகக் கேட்டார்.

“உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சொந்த வீடு இருக்கிறதா? வெளிநாட்டில் என்றாலும் சொல்ல வேண்டும்.”

“எனக்கு இல்லை,” என்றேன்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். வாத்தி அல்லவா, முழு விடை சொன்னால்தான் முழுப் புள்ளி.

“மகளுக்கு ஒன்று இருக்கிறது. இன்னும் கூரை போடவில்லை.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். “மகள் எங்கே இருக்கிறார்?”

குனிந்து காட்டினேன். அப்போது அவளுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. கதிரைக்குக் கீழே படுத்துக்கொண்டு சப்பாத்தைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பிள்ளைக்கு ஒரு வீடு.”

“ஓம். பிந்திவிட்டது. எங்கள் ஊரில் இதற்கு முன்னமே சுவர் முடிந்திருக்கும்.”

அவர் எழுந்துபோய்த் தன் மேலதிகாரியைக் கூட்டிவந்தார். மேலதிகாரி படத்தைப் பார்த்தார். வானத்துக்கு நடுவே நிற்கும் வாசலைப் பார்த்தார். கதிரைக்குக் கீழே வீட்டுக்காரியைப் பார்த்தார். பிறகு காணி உறுதிப்பத்திரம் எங்கே, வரைபடம் எங்கே, வாடகை வருகிறதா என்று கடிதம் மேல் கடிதம். ஆடு வாடகை தருவதில்லை என்று நானும் மரியாதையாக எழுதினேன். மகள் கதைக்கப் பழகி, எங்கள் ஆங்கிலத்தைத் திருத்தவும் பழகிய பிறகுதான் வீடு கிடைத்தது.

“பொய் சொல்லச் சொல்லல்ல மச்சான்,” என்பாள் என் மனைவி ஜெஸீமா, ஈரச் சுவரைத் துடைக்கும்போதெல்லாம். “கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்ல ஏலாதா உங்களுக்கு?”

4

மகள் பள்ளிக்கூடத்தில் வீடு படிக்கும் தவணை முடிய இரண்டு கிழமை இருக்கும்போதுதான் மாமா பேசிப் பதிந்த கெசட் நாடா வந்தது. ஊரிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்து தந்தார். எங்களுக்கிடையில் கடிதம் குறைவு. மாமா பேசி அனுப்புவார், நாங்கள் பேசி அனுப்புவோம். ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்து குசினியில் இருந்து போட்டுக் கேட்டோம். முதலில் காகம், பிறகு பஸ் ஹோர்ன், பிறகு மாமாவின் செருமல்.

“அஸ்ஸலாமு அலைக்கும் மருமகன். நாங்க அல்லாட ரஹ்மத்தால சுகம். மழ போதாது. ரெண்டு போகமா வட்டைக்குள்ள ஆரும் போகல்ல. வழியில செக்கிங். போனாலும் திரும்பி வாறதுக்கு ஒரு நிச்சயமில்ல. வயலெல்லாம் காடு பத்திக் கிடக்கு…”

தூரத்தில் மாமியின் குரல்: “அதெல்லாம் என்னத்துக்கு இப்ப? விசயத்தச் சொல்லுங்க. கெசட் முடியப் போகுது.”

“முடியாதுகா. கன நேரம் கிடக்கு.” மறுபடி செருமல். “நிஸாக்கு ஒரு இடம் சரிவந்திரிக்கி மருமகன். மாவடிப்பள்ளிப் பொடியன். ஊடு முடிஞ்சாத்தான் நாள் வைக்கிற எண்டு சொல்றாங்க. அவங்க சொல்றதும் ஞாயம்தான். நான் இப்ப நெல்லக் காணாத மனிசன். வளவுக்குள்ள பஸீலாட ஊடு பாதிச் சுவரோட கிடக்கு. பாசி பிடிச்சிப் போச்சி. அத முடிச்சி நிஸாக்குக் குடுத்தா என்ன எண்டு கேக்கன். பஸீலாக்குக் காலம் இரிக்கி. நீங்க ஓம் எண்டாத்தான். இல்ல எண்டாலும் எனக்கு மனவருத்தமில்ல.”

“எனக்கு இரிக்கி,” என்றது மாமியின் குரல், இந்த முறை கிட்டத்தில்.

நிஸா, ஜெஸீமாவின் தங்கை. முன்பு வந்த ஒரு சம்பந்தமும் வீடு முடியவில்லை என்றுதான் தட்டிப்போனது. போர்க் குழப்ப காலத்தில் கலியாண வயதில் ஒரு பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு, வயலுக்கும் போக முடியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கும் மாமாவின் பயம் அந்தச் செருமலுக்குள் இருந்தது. எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன்.

5

“குடுப்பம் மச்சான்,” என்றாள் ஜெஸீமா.

“அது மகள்ட ஊடு.”

“மகள்ட ஊடு எண்டு நீங்க சொல்றீங்க. அவ சொல்றாவா?”

“அவ சின்னப்பிள்ள. அவக்கு என்ன தெரியும்.”

“கவுன்சில்ல சொல்லக்குள்ள அவ இதவிடச் சின்னப்பிள்ள.”

ஆனால் என் மனதில் இருந்தது வேறு. அந்த வீடு இருக்கும்வரை நாங்கள் இங்கே தற்காலிகமாக இருக்கிறோம். மகள் பெரியவளாவாள், ஊருக்குப் போவோம், அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்போம், வீட்டைக் கொடுத்துவிட்டு வேலிக்கு இந்தப் பக்கம் நான் என் கதிரையைப் போடுவேன். அந்தப் பாதிச் சுவரை நிஸாவிடம் கொடுத்துவிட்டால் எங்களுக்குத் திரும்பிப் போக ஒரு காரணம் மிஞ்சாது. இதை ஜெஸீமாவிடம் சொன்னால் அழுவாள். அதனால் விளையாட்டாக ஒன்று சொன்னேன்.

“இந்தத் தவண ஊடு கீறுறாங்கதானே. வெள்ளிக்கிழம போய்ப் பாப்பம். ஊர்ல இரிக்கிற ஊட்ட அவ கீறினா அது அவட ஊடு. வேற ஊட்டக் கீறினா சாச்சி நிஸாட ஊடு.”

“படத்தப் பாத்து ஊடு குடுக்கிற மனிசன இப்பதான் காணுறன்,” என்றாள். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவளும் உள்ளுக்குள் எதையோ பார்க்க ஆசைப்பட்டாள் போலும்.

ஒரு வாத்தி தன் பிள்ளையைச் சோதனைக்கு அனுப்புவதென்றால் எப்படி அனுப்புவான்? விடை சொல்லிக்கொடுத்துத்தான். சாப்பாட்டு மேசையில் வீட்டுப் படங்களைப் பரப்பினேன். இது கிணறு. இது தென்னை. இதில் சிவப்பு ஓடு வரும். மகள் கவனமாகக் கேட்டாள்.

“ஆடும் என்னுடையதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்கு முக்கியமான கேள்விகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும்.

“ஓம். ஒன்ட ஆடு.”

“கக்கூஸ் ஏன் வெளியில் இருக்கிறது?”

“அது… காத்தோட்டத்துக்கு.”

யோசித்துவிட்டு, எனக்காகத் தமிழுக்கு மாறினாள். “நீங்களும் உம்மாவும் எங்க நித்திர?”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “நாங்க ஒனக்குப் பக்கத்து ஊட்ட மகள். கிட்டத்தில. வேலிக்கு அங்கால.”

“பக்கத்து ஊட்ட,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்தக் கிழமைதான் அவர்களைத் தெருவழியே வீடு பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவள் இரண்டு நாளாக ஏதோ ஒரு பழைய ஆங்கிலப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். எங்கே படித்தாய் என்று நான் கேட்கவில்லை.

6

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு எடுத்தேன். வரிசை வீடொன்றின் முன்னறையும் பின்னறையும் சேர்ந்ததுதான் எங்கள் பள்ளிவாசல். அங்கே ஜும்ஆ முடித்துக்கொண்டு, இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். ஜெஸீமா பள்ளிக்கூட வாசலில் நின்றாள்.

சுவர் முழுக்க வீடுகள். ஒரு பிள்ளைக்குக் கோட்டை, ஒன்றுக்குக் கப்பல், ஒன்றுக்குச் சந்திரனில் கூடாரம். அவற்றுக்கு நடுவே மகளின் படத்தைத் தூரத்திலிருந்தே கண்டேன். சிவப்பு ஓடு. கிணறு. தென்னைமரம் கொஞ்சம் குடை மாதிரி இருந்தாலும் தென்னைதான். கூரையின்மேல் ஆடு. பக்கத்தில், ஒரு சின்ன வேலிக்கு அங்கால், இன்னொரு வீடு.

“பாத்தயா,” என்று ஜெஸீமாவின் முழங்கையைத் தட்டினேன். “வேலியும் போட்டிரிக்கா.”

ஜெஸீமாவின் கண் கலங்கியிருந்தது. அந்த நிமிடத்தில் மாமாவுக்கு என்ன சமாதானம் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். மிஸிஸ் பார்க்கர் வந்து, உங்கள் மகள் உங்களைப் பற்றி நிறைய யோசித்துக் கீறியிருக்கிறாள் என்றார். நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன்.

மகள் வந்து விரலை வைத்து விளக்கினாள். “இது என் வீடு. இது ஆடு. இது உங்கள் வீடு.”

“எங்கட ஊடு ஏன் மகள் இவ்வளவு பெரிசு?” என்றேன். உண்மையில் அது அவளுடைய வீட்டைவிடப் பெரிது. மாடிமேல் மாடி. வரிசை வரிசையாக ஜன்னல்.

“நிறையப் பேர் இருக்கிறீர்களே.”

அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை. எல்லாம் வெள்ளைத் தலை. ஒரு ஜன்னலில் மட்டும் மொட்டை.

“அது வாப்பா,” என்றாள். “உம்மா மேல்மாடியில். அங்கே லிஃப்ட் இருக்கிறது. நாங்கள் போய்ப் பாட்டுப் பாடினோமே, அந்த மாதிரி வீடு. வயதானவர்களை வைத்துப் பார்க்கிற வீடு. ஒருவர் வந்து கால் நகம்கூட வெட்டிவிடுவார்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்: “நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவேன்.”

பிள்ளை ஒரு பிழையும் செய்யவில்லை. நான் பக்கத்தில் என்று சொன்னேன், பக்கத்தில் வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் வயதானவர்களின் வீடு இது என்று காட்டினார்கள், அதையும் மறக்கவில்லை. வீட்டுப் பாடமும் வகுப்புப் பாடமும் சேர்த்து முழு விடை எழுதியிருக்கிறாள். வாத்தியின் மகள்.

என் வாயில் வந்தது ஒரு கேள்விதான். “தேத்தண்ணி ஆரு மகள் தாற?”

“ஒரு தள்ளுவண்டியில் வரும்,” என்றாள். பிறகு என்னைச் சந்தோசப்படுத்த நினைத்துத் தமிழில் சொன்னாள்: “பிஸ்கட்டும் தாற வாப்பா. நீங்க செய்ற பிஸ்கட்தான். நான் பெட்டியக் கண்டன்.”

வீட்டுக்கு நடந்து வரும்போது ஜெஸீமா ஏதாவது குத்திக் கதைப்பாள் என்று காத்திருந்தேன். பாதி வழியில் என் கோட்டுக் கழுத்தை மட்டும் சரிசெய்துவிட்டாள்.

7

படத்தின்படி வீடு மகளுடையதுதான், ஆனால் அந்த வேலிக்கு மேலால் தேத்தண்ணி வராது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குக் கெசட் பேசினோம். நான் இங்கத்தைய குளிரைப் பற்றித் தொடங்கி, விலைவாசியைப் பற்றிச் சொல்லி, மாமாவின் முழங்கால் வருத்தத்தை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

“விசயத்தச் சொல்லுங்க,” என்றாள் ஜெஸீமா. அவளுடைய உம்மாவின் குரல் அப்படியே.

“மாமா, ஓம். நிஸாக்குக் குடுங்க. மாவடிப்பள்ளியாக்கள்கிட்ட நாள் வைக்கச் சொல்லுங்க. கூரையோட முடிச்சித் தாறது எண்ட பொறுப்பு.” கெசட் சுற்றிக்கொண்டிருந்தது. “மேசனுக்கிட்டச் சொல்லி முன்விறாந்தைய மட்டும் கொஞ்சம் அகலமா வைங்க. ஒரு கதிர போடுற மாதிரி. ஆருக்கு எண்டு கேக்க வேணாம்.”

மகளையும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னோம். அவள் வாயைக் கெசட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். “சாச்சி, ஊட்ட எடுங்க. ஆட்ட விக்க வேணாம்.”

நாள் வைத்துவிட்டார்களாம். ஓடு ஏறிவிட்டதாம். மாமி கெசட்டில் துஆ கேட்டு அழுதார், மாமா செருமவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து புதுத் தவணைத் தாளும் வந்துவிட்டது. இந்த முறை பறவைகள் இடம்பெயர்வது பற்றியாம். எனக்கு வாசிக்க மனம் வரவில்லை. கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பினேன்.

நான் வழமைபோல் பட்டியின் ஓரத்தில் நிற்கிறேன். பிஸ்கட் வருகிறது, போகிறது. முன்பெல்லாம் ஓரம் கொஞ்சம் உடைந்திருந்தால் கண்டும் காணாத மாதிரி விட்டுவிடுவேன். யாரோ தின்னப் போகிறார்கள், எனக்கென்ன என்று. இப்போது அப்படி விடுவதில்லை. பக்கத்தில் நிற்கும் கூட்டாளி, என்ன, மேற்பார்வையாளன் ஆகப் பார்க்கிறாயா என்று கேலி பண்ணுகிறான்.

ஓம் என்றேன். என்றைக்கோ எனக்கே வரப்போகிற பிஸ்கட் என்று அவனுக்கு எப்படிச் சொல்ல?